தூக்குவாளியில் இருந்த பெயர்

அன்புள்ள டீச்சர்,

புளி வைத்துத் தேய்த்த பித்தளையின் வாசனை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. காலையில் கரோல் பாகிலிருந்து ஒரு பழைய தூக்குவாளி வந்தது. கறுத்துப் போயிருந்தது. தேய்க்கத் தேய்க்க, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரிந்தன: செண்பகம். நாம் தேடிய ஐந்தாவது பெயர்.

நம் தில்லித் தமிழ்ப் பள்ளி வாசலில், நிறுவியவர்கள் பெயர் பொறித்த கல்லில் ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள். ஆனால் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் கதவு கதவாகத் தட்டிப் பிள்ளைகளைச் சேர்த்ததும், கட்டடம் வரும்வரை தங்கள் வீட்டு முன்னறையில் பாடம் சொன்னதும் ஐந்து பெண்கள். வரலாறு நடத்திய நீங்கள்தான் பழைய கூட்டக் குறிப்புகளிலிருந்து இதை எடுத்துக் காட்டினீர்கள். நிர்வாகக் குழு மறுக்கவில்லை. "பேர் லிஸ்ட் குடுங்க மேடம், பக்கத்துலயே இன்னொரு கல்லு வெச்சுடலாம்" என்றார் செயலாளர்.

லிஸ்டில்தான் சிக்கல். குறிப்புகளில் ஐவருமே 'திருமதி' போட்டுக் கணவர் பெயரில் இருந்தார்கள். அப்படியே கொடுத்துவிடலாம் என்றேன் நான். "ஏதோ ஒரு பேரு வருதே, போதாதா?"

"என்ன டீச்சர் பேசுதீங்க? அது அவ வீட்டுக்காரரு பேரு. அவருதான் ஏற்கெனவே அந்தக் கல்லுல உக்காந்திருக்காருல்லா!" என்று வெடித்தீர்கள் நீங்கள்.

ஒரு வாரம் என்னோடு சாப்பிட உட்காரவில்லை நீங்கள். பிறகு நானும் உங்களோடு வீடு வீடாகச் சுற்றினேன். நான்கு பெயர்கள் கிடைத்தன. ஒன்று குடும்ப ஓய்வூதியப் புத்தகத்தில், ஒன்று கல்யாணப் பத்திரிகையில். ஐந்தாவது வீட்டில் பேரன் தலையைச் சொறிந்தார்.

"பாட்டியா? எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க ஆன்ட்டி. நெஜப் பேரு... தெரியலையே."

"அக்பரோட தாத்தா பேரு தெரியுமா?" என்று கேட்டீர்கள்.

"பாபர்" என்று சட்டென்று பதில் வந்தது. சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

நீங்கள் கண்ணை மூடி இது இரண்டாவது குளிர்காலம். அடுத்த வாரம் கல்லில் பெயர் வெட்டப் போகிறார்கள். "நாலு பேரோட முடிச்சுடலாமா, இல்ல அஞ்சாவதுக்கு மட்டும் திருமதி போட்டுடலாமா?" என்று செயலாளர் கேட்டார். இரண்டுக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

நேற்று என் வீட்டுப் பாத்திரங்களை விளக்கும்போதுதான் இது தோன்றியது. நம் வீடுகளில் பெண்ணின் பெயரைக் காகிதத்தில் எழுதினார்களோ இல்லையோ, சீர்ப் பாத்திரத்தில் வெட்டினார்கள். விசேஷ வீட்டுக்கு இரவல் போனது மாறாமல் திரும்பி வர வேண்டுமே! அந்த ஐந்தாவது வீட்டுப் பேரனைப் போனில் கூப்பிட்டேன். பாட்டி கல்யாணத்தில் வந்த தூக்குவாளி ஒன்று பரணில் இருப்பதாகச் சொல்லி, அனுப்பியும் வைத்தார்.

தேய்த்துக்கொண்டிருந்தபோது எதிர் ஃபிளாட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று இந்தியில் கேட்டாள். எங்கள் பள்ளியைத் தொடங்கிய ஒருவரின் பெயர் என்றேன். சொன்னதும் எனக்கே சுருக்கென்றது. பதினொரு வருடமாக அவளை 'ரோஹித் கீ மம்மி', ரோஹித்தின் அம்மா, என்றுதான் கூப்பிடுகிறேன்.

"உன் பேரு என்னம்மா?"

"மேரா?" என்று சிரித்தாள். கொஞ்சம் கூச்சம். "சுனிதா."

ஐந்து பெயர்களையும் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன், டீச்சர். நாளைக் காலை பால் வாங்கக் கதவைத் திறக்கும்போது, மறக்காமல் சுனிதா என்று கூப்பிட வேண்டும்.