பஸ் கண்ணாடியில் எழுதிய வசனம்

நொயெமி,

பஸ்ஸை ஆசீர்வதிக்க பாஸ்டர் வந்தால் காப்பியும், இலையில் அவித்த சோளமாவுத் தமாலும் கொடுத்து உட்கார வை. நான் பஸ்ஸோடு பெயிண்டரிடம் போகிறேன். வீட்டுச் சாவி ஜன்னலில்.

முன்கண்ணாடியில் "இதையெல்லாம் உனக்கே தருவேன்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னதுன்னு பாத்தீங்களா?" என்று நேற்று கேட்டாய். "வருஷா வருஷம் பைபிளை முடிக்கிறவன் நான்! ஒரே அதிகாரத்துல மாசக்கணக்கா உக்காந்திருக்கிற நீ எனக்குச் சொல்றியா?" என்று குதித்தேன்.

காலையில் நிதானமாகப் படித்தேன். இயேசுவுக்கு ஆசை காட்டி சாத்தான் சொன்னதாம்! அந்தப் பக்கத்தையும் பஸ் ஓட்டுகிற வேகத்தில்தான் தாண்டியிருக்கிறேன்.

பாஸ்டரிடம் சொல்லாதே. முதலில் பார்த்து "ஆமென்" சொன்னவரே அவர்தான்.

எலிசேயோ

பி.கு.: புது வசனம் நீ பார்த்துச் சொல். எத்தனை மாசம் வேண்டுமானாலும் உட்கார். அதுவரை வெறும் கண்ணாடியோடு ஓட்டுகிறேன்.