கடைசித் திரையில் ஒரு பெயர்

1996 மார்ச் 11, திங்கள்

மழை. பஸ் இருபது நிமிடம் வரவில்லை. லண்டன், ஸ்ட்ரெதம் ஒபிசுக்குப் போய்ச் சேர்ந்தபோது சப்பாத்துக்குள் தண்ணீர்.

ஒசாகாவிலிருந்து ஃபாக்ஸ். கேம் செய்த கொம்பனியின் தலைவர் கினோஷிதா. நான் மொழிபெயர்த்த கொம்பியூட்டர் கேமின் ஆங்கிலப் பதிப்பில் கடைசித் திரைக்கான பெயர்ப்பட்டியல். முதல் வரி: "கதை - கினோஷிதா."

பச்சைப் பொய். கதை முழுக்க ஹயாசெ எழுதியது.

நான் ஒசாகாவில் படித்த காலத்திலிருந்து அவர்களைத் தெரியும். அரிசிக் கடைக்கு மேலே ஒற்றை அறை. நாலு பேர், இரண்டு கொம்பியூட்டர். கினோஷிதா புரோகிராம், ஹயாசெ எழுத்து, மற்ற இருவரும் படம், இசை. நான் அவர்களுக்குப் பகுதிநேரமாக ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுத்தவள். முதல் மூன்று கேமும் ஆண்கள் கதவைப் பூட்டிவிட்டு விளையாடுகிற சாதி. அதையும் ஹயாசெதான் எழுதினாள், வாடகை கட்டவேண்டுமே. இது நாலாவது. படம் பெரிதாக அசையாது. வாசித்துக்கொண்டே போகவேண்டும், இடையிடையே எந்த வழி என்று நாமே தெரிவுசெய்யவேண்டும். கலங்கரை விளக்கத்தில் வேலை செய்யும் அக்கா, தங்கை. மொழிபெயர்க்கும்போது இரண்டு இடத்தில் அழுதேன். ஒவ்வொரு வரிக்கும் ஹயாசெயைக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

மார்கழியில் அவள் விலகிவிட்டாள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது விளங்குகிறது.

மாமி எங்கள் மோர்டன் பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருப்பது: மருமகள் ரைஸ் குக்கர் கைநூல் மொழிபெயர்க்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

மார்ச் 12, செவ்வாய்

ஹயாசெயின் பெயரைப் போடலாமா என்று கீத்திடம் கேட்டேன். என் முதலாளி, ஜப்பான் கேம்களை ஆங்கிலமாக்கி இங்கே விற்பவர். தலை நிமிரவில்லை.

"ஃபாக்ஸில் இருப்பதை அப்படியே அடி. வெள்ளி மூன்று மணிக்குக் கூரியர். டிஸ்க் பிரதி எடுக்கப் போயாகவேண்டும்."

பின்னேரம் டூட்டிங் போனேன். ராஜன் அண்ணையின் பலசரக்குக் கடையிலிருந்து ஹயாசெ வீட்டுக்கு ஃபாக்ஸ். கேள்வி ஒன்றுதான்: உங்கள் பெயரைப் போடட்டுமா?

அண்ணை தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, இது சீனாக்காரன்ரை எழுத்தே?"

"ஜப்பான், அண்ணை."

"எல்லாம் ஒண்டுதான். பதில் வந்தால் எடுத்து வைக்கிறன்."

வாங்கியது: மரவள்ளி, மிளகாய்த்தூள். என் மனுசன் சிவாவின் ரேசரை மறந்துபோனேன்.

மார்ச் 14, வியாழன்

குளிர். நேற்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. கடைக்கு இரண்டு முறை போன் அடித்தேன். "ஒண்டும் வரேல்லை, பிள்ளை."

சிவா இரவு ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டபடி, "உமக்கேன் தேவையில்லாத வேலை? அவளே வாய் திறக்கேல்லை."

"அவளாலை ஏலாது. அதாலைதான் நான்."

"உம்மடை வேலை போனால்?"

"போகட்டும்."

சொல்லிவிட்டேன். போனால் இந்த ஊரில் ஜப்பான் மொழியை எங்கே கொண்டுபோய் விற்பது? ஆனாலும் கினோஷிதாவை நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்பது வருடம் அவளிடம் எழுத்து வாங்கினவன்.

பின்னேரம் ஒபிஸ். அடித்துவிட்டேன்: "கதை - ஹயாசெ மிதோரி." முழுப் பெயர். கீத் கண்டுபிடிக்கமாட்டார், அந்தத் திரைக்கு வர ஒன்பது மணிநேரம் வாசிக்கவேண்டும். டிஸ்க் உறையில் போட்டு ஒட்டியாயிற்று.

நல்ல சந்தோஷம். டயரியிலாவது அதை ஒளிக்கத் தேவையில்லை.

மார்ச் 15, வெள்ளி

வெயில். 1.40க்கு ராஜன் அண்ணை போன்.

"பிள்ளை, உமக்கொரு ஃபாக்ஸ் கிடக்கு. புதனே வந்திட்டுது போலை. மரக்கறி பில்லுகளோடை சுருண்டு கிடந்தது. கோவிக்காதையும்."

"இஞ்சை ஒபிசுக்கு அனுப்பிவிடுங்கோ, அண்ணை. இப்பவே."

2.05. ஹயாசெயின் கையெழுத்து.

"தயவுசெய்து போடவேண்டாம். என் பெயரை எடுக்கச் சொன்னது நான்தான். ஏப்ரலிலிருந்து ஒரு சிறுவர் பள்ளியில் ஆசிரியை. யாராவது பெற்றோர் என் பெயரைப் பிடித்து அந்த முதல் மூன்று கேமுக்கும் போய்விட்டால் ஒரு நாளும் அங்கே நிற்கமுடியாது. தன் பெயரைப் போட கினோஷிதா வெட்கப்பட்டார். நான்தான் கெஞ்சினேன். நல்ல காலம், நீங்கள் கேட்காமல் ஒரு வரியும் எழுதமாட்டீர்கள்."

உறை கீத்தின் மேசையில். கூரியர்காரன் வர ஐம்பது நிமிடம்.

"அதைத் திறக்கவேண்டும்" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். எல்லாம். கீத் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"இந்த மூன்று வருடத்தில் வேறு எங்கெல்லாம் மாற்றினாய்?"

"எங்கும் இல்லை."

நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். ஹயாசெயின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். கினோஷிதா என்று அடித்தேன். புது டிஸ்க். 2.55க்கு உறை. கூரியர்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

"திங்கள் வரவேண்டாம்" என்றார் கீத்.

மேசையைத் துப்பரவாக்கினேன். கோட்டைப் போட்டுக்கொண்டு, கேளாமலே ஒபிஸ் ஃபாக்ஸில் ஹயாசெக்கு ஒரு வரி அனுப்பினேன்.

"நீங்கள் சொன்னபடி, உங்கள் பெயரைப் போடவில்லை."