மைனஸ் பதினைந்து

3-7-85, புதன்

காலை ஆறு மணிக்கே வெயில். காற்றில் ஈரம். சட்டை நனைந்துதான் பஸ் ஏறினேன். ஐஸ் சறுக்கு அரங்குக்குள் போனதும் ஸ்வெட்டர், குல்லா. ஜூலை மாதத்தில் துபாயில் சளி பிடித்து மூக்கை உறிஞ்சுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டில் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

கம்ப்ரசர் 2 சத்தம் குறைந்திருக்கிறது. ஆயில் மாற்றியது நல்லதாயிற்று. ஐஸ் தளத்துக்கு அடியில் குழாயில் ஓடும் உப்புத் தண்ணீர் மைனஸ் 10. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வாங்க: சோப்பு, தைலம், வெறும் கேசட் ஒன்று (வீட்டுக்குப் பேசி அனுப்ப).

கனடாக்காரர் வந்துவிட்டார். பெயர் கென். ஐஸ் ஹாக்கிதான் அவருக்குத் தொழில். பதினேழு வருஷமாக விளையாடியே சம்பளம் வாங்குகிறாராம். இங்கே வெள்ளிக்கிழமை ஆடும் வெள்ளைக்காரர்களுக்கு ஆறு வாரம் பயிற்சி. செப்டம்பரில் ஜெர்மனியில் ஒரு டீம் கூப்பிட்டிருக்கிறது. அதுதான் கடைசி சீசன், அதோடு சரி என்கிறார். அதுவரை கால் மறந்துவிடாமல் இருக்க இங்கே வந்திருக்கிறார்.

எல்லாம் சிவராசா அண்ணன் சொன்னது. ஒரே ரூம், நாலு வருஷமாக. யாழ்ப்பாணத்துக்காரர், நம்ம ஊர் 'ஏய்யா'வுக்கு அவருக்கு 'ஐசே'. ஸ்கேட் கொடுப்பது, தீட்டுவது அவர் டூட்டி. இங்கிலீஷ் சரளம். எனக்கு யெஸ், நோ, கம்ப்ரசர் பார்ட்ஸ் பெயர்கள். மற்றதுக்கெல்லாம் அவர் வாய்தான் என் வாய்.

கென்னுக்கு முன்பல் நாலும் பொய்ப்பல். கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுத் தளத்தில் இறங்கினார். குனிந்து ஐஸைக் கையால் தடவினார். என்னவோ சொன்னார்.

"என்ன சொல்லுதாரு அண்ணே?"

"சனம் சறுக்கிறதுக்கு இது காணுமாம். ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் இறுக வேணுமாம்."

சுருக்கென்றது. தூத்துக்குடி ஐஸ் கம்பெனியில் எட்டு வருஷம். என் ஐஸை மெது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

4-7-85, வியாழன்

மத்தியானம் வால்வைத் திருப்பி உப்புத் தண்ணீரின் டிகிரியை இறக்கினேன். ஹாக்கி என்றால் மைனஸ் 11 வரை விடலாம் என்று மானேஜர் முன்பே சொல்லியிருக்கிறார். நான் 15க்கு விட்டேன். மீன் ஐஸ் கணக்கு. ஹார்பரில் பார் ஐஸைக் கட்டையால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் படகுக்காரன் ஏற்ற மாட்டான். இந்தக் கனடாக்காரர் நாளைக்குக் காதாலேயே கேட்கட்டும்.

டெம்பரேச்சர் ஷீட்டில் 10 என்று எழுதினேன். கேள்வி கேட்பார்கள் என்றுதான்.

சி. அண்ணன் கென்னின் ஸ்கேட்டைத் தீட்டினார். ஒரு மணி நேரம். தீட்டி முடித்து பிளேடுக்குக் குறுக்கே ஒரு திர்ஹம் காசை வைத்துக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். காசு சாயாமல் நின்றால் இரண்டு விளிம்பும் சமம். நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். பெரிய ஆட்டக்காரர் வந்தாலும் வந்தார், நாங்கள் இரண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சமைப்பவர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

5-7-85, வெள்ளி

கென் விழுந்துவிட்டார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் என்ன வேகம். அந்தச் சத்தத்தை நான் இங்கே கேட்டதே இல்லை. பிளேடு ஐஸைக் கிழிக்கும் சத்தம். கம்ப்ரசர் ரூம் வாசலில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன், என் ஐஸ் என்று. மூலையில் ஒரு காலை மடக்கித் திரும்பினார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஐஸ் சில்லாகப் பெயர்ந்தது. கால் அதில் மாட்டிக்கொண்டது. பலகைச் சுவரில் போய் மோதினார். வலது முழங்கால் அவருக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

சத்தம் போடவில்லை அவர். அதுதான் பயமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு, ஐஸை மட்டமாக்கும் வெந்நீர் வண்டியை எடுத்து ஓட்டினேன். அந்தக் குழியில் வெந்நீர் விட்டு மூடினேன். தினமும் செய்கிற வேலைதான். ஆனால் இன்றைக்கு வேலைக்காக மட்டும் மூடவில்லை. வால்வையும் திருப்பி 10க்கு ஏற்றிவிட்டேன். நேரம் 11.40. இதை எங்கே எழுதுவது, இங்கேதான்.

அதிகமாகக் குளிர்ந்தால் ஐஸ் நொறுங்கும். மீனுக்கு அது கவலையில்லை. மனுஷன் அதன் மேல் எழுபது எண்பது கிலோவோடு திரும்புவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

6-7-85, சனி

சாப்பாடு இறங்கவில்லை. இருமல் வேறு.

மானேஜர் கென்னின் இடது ஸ்கேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். லெபனான்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் முதலாளிக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டும். என்னிடம் ஷீட்டைக் கேட்டார். 10 என்று பார்த்தார். "ஐஸ் குட்" என்றார். பிறகு நேராகக் கவுண்டருக்குப் போனார். "ஸ்கேட் மாஃபி குட், சிவா. கலாஸ்." ஸ்கேட் சரியில்லை, முடிந்தது என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை, விசா கொடுத்த கஃபீலுக்கு லெட்டர் போகுமாம். விசா ரத்து.

நான் பக்கத்தில்தான் நின்றேன். துடைப்பானைப் பிடித்துக்கொண்டு.

7-7-85, ஞாயிறு

ரூமில் குழாயில் தண்ணீர் இல்லை, பக்கத்து ரூமில் வாங்கினோம்.

சி. அண்ணன் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வேறு ஒரு ஜோடி ஸ்கேட்டை ரூமுக்கே எடுத்து வந்துவிட்டார். காசை வைக்கிறார், பார்க்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார்.

"எனக்குச் சரியாத்தான் தெரிஞ்சது முத்து. ஆனா இப்ப யோசிச்சா... கண் மங்கிப் போச்சோ தெரியேல்லை. நாப்பத்தியொண்டு வயசு."

"இல்லண்ணே. நல்லாத்தான் தீட்டுனீங்க."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

எழுந்து போய்ப் பக்கத்து ரூம் தண்ணீரைப் பானையில் ஊற்றினேன்.

பிறகு அவரே சொன்னார். "என்னைத் திருப்பி அனுப்பினா நான் எங்க இறங்கிறது ஐசே? கட்டுநாயக்கேலையோ? அங்க எயார்போட்டில இறங்கி, பாஸ்போட்டைக் காட்டி, யாழ்ப்பாணம் எண்டு சொல்லி, பிறகு வீடு போய்ச் சேருவனோ?"

அவருக்கு மனைவி, ஒரு மகள். கடிதம் வந்து ஐந்து வாரம். ஊரில் என்ன நடக்கிறதென்று ரேடியோ சொல்வதுதான் எங்களுக்குத் தெரியும்.

நான் ஒரு நாய். எழுதிவிட்டேன்.

8-7-85, திங்கள்

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் 4 முதல் 6. கென்னைப் பார்க்கப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். சி. அண்ணன் ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கினார். விழுந்தவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வந்தார். பஸ்ஸில் அந்த இங்கிலீஷ் வாக்கியத்தை உதட்டால் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எலும்பு முறியவில்லை! தசைநாரும் அறவில்லை, இழுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். நாலு வாரம் கட்டு. ஜெர்மனிக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நிமிஷம் இப்படி நினைத்தேன்: இனிமேல் சொல்ல வேண்டியதில்லை. கால் நன்றாகிவிட்டது, முடிந்தது. நினைத்ததை நினைத்தபடி எழுதுகிறேன்.

கென் போர்வையை விலக்கிக் காட்டினார். இரண்டு முழங்காலும் தையல் போட்ட சாக்கு மாதிரி. இது இருபதாம் வயதில், இது எந்த ஊரில் என்பது மறந்துவிட்டது, இது பஸ் பனியில் சறுக்கியதால், ஆட்டத்தில் இல்லை. பதினேழு வருஷத்தில் ஒன்பது டீம். பெரிய லீக்கில் ஆடியது ஒரே ஒரு சீசனில் பாதி. மற்றதெல்லாம் சின்ன ஊர், பஸ், பனி, மறுநாள் வேறு சின்ன ஊர். சிரித்துக்கொண்டே சொன்னார். சி. அண்ணன் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். மன்னிப்பை ஆரம்பிக்கப் போகிறார் என்று தெரிந்தது.

"அண்ணே, நிறுத்துங்க. நான் ஒண்ணு சொல்லுதேன், அத அவருகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். 15க்கு இறக்கியது, 10 என்று எழுதியது, குழியை மூடியது, மானேஜர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது. எனக்கு இங்கிலீஷ் இருந்திருந்தால் கென்னிடம் நேராகச் சொல்லியிருப்பேன். இல்லை. இவர் காதுக்குள் போய்த்தான் அவருக்குப் போக வேண்டும்.

சி. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் ஜக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கென் "வாட்? வாட்?" என்றார்.

"இதை இவருக்குச் சொல்லவோ, விடவோ? சொன்னா மானேஜருக்குப் போகும். உம்மட வேலையும் போகலாம். யோசிச்சுச் சொல்லும்."

அவர் கேட்டார் அதை. நாளைக்கு லெட்டர் போக இருந்த மனுஷன்.

"சொல்லுங்கண்ணே."

ஒன்றும் விடாமல் சொன்னார், நீளமாக. ஃபிஃப்டீன் என்றதும் கென் விசிலடிக்கப் பார்த்தார். பல் டம்ளரில். காற்றுதான் வந்தது. பிறகு அவர் பேச, சி. அண்ணன் ஜக்கைப் பார்த்தபடியே தமிழாக்கினார்.

"முதல் அடி வைக்கேக்கையே தெரிஞ்சதாம். சத்தத்திலையே. ஐஸ் அளவுக்கு மிஞ்சிக் குளிர் எண்டு தெரிஞ்சும் வேகமாப் போனது தான்தானாம். அவ்வளவு நல்ல சத்தமாம் அது. பதினேழு வருசம் இதில சம்பளம் எடுத்தவன் அதைப் பாத்து ஆட வேணுமாம். ஐஸிலை பிழை சொல்லுற ஆட்டக்காரனை அடுத்த வருசம் ஒருத்தரும் எடுக்க மாட்டினமாம்."

பிறகு: "ஸ்கேட் நல்லாத் தீட்டியிருந்ததாம்."

இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

கென் நர்ஸிடம் தாள் வாங்கி ஸ்கேட்டில் குற்றமில்லை என்று மானேஜருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் சி. அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால்.

9-7-85, செவ்வாய்

சளி பரவாயில்லை.

மானேஜர் வந்ததும் தாளையும் வியாழக்கிழமை ஷீட்டையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் முன்னாலேயே 10ஐ அடித்து 15 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரபியில் கத்தினார். நல்ல வேளை, எனக்குப் புரியாத அளவுக்கு வேகம். எனக்கு வார்னிங் லெட்டர். வால்வுக்குப் பூட்டு, சாவி அவரிடம். வேலை இருக்கிறது!

சி. அண்ணனின் லெட்டரை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மன்னிப்பெல்லாம் இல்லை. "யல்லா சிவா, ஸ்கூல் பிள்ளைகள் நிற்கிறார்கள்" என்று முடித்துவிட்டார். கவுண்டரில் உடனே சாணைக் கல் சுற்றும் சத்தம். நாற்பது ஜோடி. இன்றைக்குக் காசு வைத்துப் பார்க்கவில்லை அவர்.

என்னிடம் பேசவும் இல்லை. முழு நாளும்.

10-7-85, புதன்

காலை. மூடுபனி மாதிரி ஈரம், ஜன்னல் கண்ணாடி வியர்த்திருக்கிறது.

சி. அண்ணன் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே திடீரென்று ஆரம்பித்தார்.

"மூண்டு நாள். மூண்டு நாள் பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தனீர். நான் காசை வைச்சு வைச்சுப் பாத்தனான், நீர் பாத்துக்கொண்டிருந்தனீர். கட்டுநாயக்கேலை இறங்கிறதை விடும் ஐசே. என்ர கையை நானே நம்பேல்லை. அது தெரியுமே உமக்கு?"

தெரியும் என்றேன்.

"வாயைத் திறவாதையும்."

திறக்கவில்லை. திட்டினார். என்னை, என் ஐஸ் கம்பெனியை, தூத்துக்குடி ஹார்பரை, மீனை. கேட்கக் கேட்க உடம்பு லேசானது. பிறகு, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர், தட்டை எடும்" என்று அதே குரலில் போட்டார். வெள்ளிக்குப் பிறகு இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன்.

இதை எழுதும்போதும் குளியலறைக்குள்ளிருந்து திட்டுகிறார். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. குழாயை மூடட்டும், மீதியையும் கேட்டுக்கொள்கிறேன்.