மூன்று தகடும் என் மொழிபெயர்ப்பும்

மச்சான்,

இன்று காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு டீசல் பிக்கப் வந்து சிவப்பு விளக்கில் நின்றது. குளிரில் அதன் புகை மேலே எழும்பாமல் காலடியிலேயே சுற்றியது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் கை தானாக எதையோ பிடிக்கத் தேடியது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவியின் தோள்தான் அகப்பட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். நீ போய், உன் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்து ஒரு மாதமாகிறது. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இனியும் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எண்பத்தைந்தில், இலை கொட்டுகிற காலத்தில் நீ அதே மாதிரி ஒரு டீசல் பிக்கப்பை வாங்கினாய். அப்போது உன் குடும்பம் இன்னும் ஊரில். நாம் இருவரும் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் ஒரே அறையில் இருந்தோம். வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில். கிழமை நாளில் வேலைக்குப் போகவும், சனிக்கிழமைகளில் ட்ரெயிலர் கொழுவி ஸ்காபரோவுக்கு வீடு மாறுகிற நம்மவர்களின் சாமான் ஏற்றவும் ஒரே வாகனம் என்பது உன் திட்டம். நீ கண்டி வீதியில் வெங்காய லொறி ஓட்டியவன். நான் அரசாங்கக் கந்தோரில் பேனை பிடித்தவன். சைக்கிளில்கூட ஓரமாகப் போகிறவன். ஆனால் எனக்கு இங்கிலிஷ் வரும், உனக்கு வராது. கராஜில் உனக்காகப் பேசும் வேலை அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

வாகனத்துக்கு என்னென்ன செய்விப்பது என்று இரண்டு கிழமை சமையலறை மேசையில் வழக்காடினோம். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீ எழுதினாய்: டேர்போ, ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக், பின்பக்கத்துக்கு மேலதிக ஸ்பிரிங் தகடு, என்ஜினைக் கரண்டில் சூடாக்கும் ஹீற்றர். "பதினாலாம் மாடியிலயிருந்து வயர் விடுவமோ?" என்று கேட்டுக் கடைசியை நீயே வெட்டினாய்.

டேர்போ என்றால் என்ஜினுக்கு இன்னும் வேகம் என்று மட்டும் எனக்கு விளங்கியது. ஏற்கெனவே ஹைவேயில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டுதான் உன் பக்கத்தில் இருந்து வருவேன். கராஜில் அந்த வயதான மெக்கானிக், போடலாம், இழுவைக்கு நல்லது என்றார். நான் உன் பக்கம் திரும்பி, "என்ஜின் வெடிக்குமாம்" என்றேன். அதே நேரம் அந்த மனிதர் உன்னைப் பார்த்துச் சிரித்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

"இது அவர் சொன்னதோ, நீ சொன்னதோ?"

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அன்றிலிருந்து, மழை வரும் என்று நான் சொன்னால்கூட, "அவர் சொன்னவரோ?" என்று கேட்கத் தொடங்கினாய். கட்டடம் முழுக்க அந்தக் கதை பரவியது. லிஃப்டில் ஏறவே எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் டேர்போவை நீயாகவே விட்டாய். தனிப் பிரேக்கும் தகடும் போதும் என்றாய்.

"பாரம்தான் மச்சான் வாகனத்தை முறிக்கிறது. தகடு முறிஞ்சு வெங்காயத்தோட கவிண்ட லொறியை நான் கண்ணால கண்டனான்."

ஒரு பக்கத்துக்கு மூன்று தகடு கூடப் போடச் சொன்னாய். ஊரில் லொறிக்காரர் எல்லாரும் செய்கிற வேலைதானே.

வாகனத்தை எடுக்கப் போன அன்று மெக்கானிக் என் கையைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். பின்பக்கம் இப்போது இறுகிப்போய்விட்டது. சாமான் இருந்தால் நன்றாகப் போகும். ஆனால் நீங்கள் ஐந்து நாள் வெறும் வண்டி ஓட்டுகிறவர்கள். ஐஸில் பின்சில்லு வீதியைப் பிடிக்காது, வாகனத்தைச் சுழற்றிவிடும். பனிக்காலம் முழுக்கப் பின்னால் மண்மூட்டை ஏற்றி வைக்க வேண்டும், உன் நண்பனுக்குச் சொல் என்றார்.

"என்னவாம்?" என்றாய். நீ குனிந்து புதுத் தகடுகளைத் தடவிக்கொண்டிருந்தாய். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். முழு வசனமும் என் வாய்க்குள் இருந்தது. "அவர் சொன்னவரோ?" என்று நீ கேட்கப்போவதும் அப்போதே காதில் விழுந்துவிட்டது.

"நல்ல வேலையாம்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் வானத்தைப் பார்த்தே நாளைக் கழித்தேன். ரேடியோவில் ஸ்னோ என்றால் எனக்குச் சோறு இறங்காது. நாளைக்குச் சொல்வோம், சனிக்கிழமை சொல்வோம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள, இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. டிசம்பரில் பெரிதாக ஒன்றும் கொட்டவில்லை. தப்பிவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு காலை. ஏரியோர ஹைவேயை விட்டு வடக்கே திரும்பும் வளைவில் வாகனத்தின் பின்பக்கம் பக்கவாட்டில் போகத் தொடங்கியது. சத்தமே இல்லை. நீ ஸ்ரியரிங்கைத் திருப்பினாய், அது கேட்கவில்லை. கண்ணாடியில் மதில் தெரிந்தது, பிறகு வானம், பிறகு எங்களை நோக்கி வந்த ஒரு பெரிய லொறியின் விளக்குகள். நான் "மண்மூட்டை, மண்மூட்டை" என்று கத்தினேன். லொறி ஹோர்ன் அடித்தபடி ஒரு முழ இடைவெளியில் எங்களைத் தாண்டிப் போனது. நாங்கள் பனிக் குவியலில் மோதி, வந்த திசையைப் பார்த்தபடி நின்றோம்.

நான் என்ன கத்தினேன் என்று நீ கேட்கவேயில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கை பிழைச்சுப்போச்சு மச்சான். ஊரில ஒருநாளும் உப்பிடி விட்டதில்லை. இந்த றோட்டுக்கு நான் சரிவரமாட்டன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பொலிஸ் வந்தா எங்கட அகதிக் கேஸுக்குப் பிரச்சினை, கெதியா எடு" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மாதமே பிக்கப்பை விற்றாய். பிறகு மூன்று பனிக்காலம் என்னோடு சப்வே மாறி, பஸ் மாறி, விறைத்து விறைத்து வேலைக்கு வந்தாய். மனிசியும் பிள்ளையும் ஊரிலிருந்து வந்த பிறகும் ஸ்ரியரிங்கைத் தொடவில்லை. அவ கேட்கும்போதெல்லாம், "எனக்குக் கை சரியில்லை" என்பாய். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ கோபிப்பாய் என்பது போய், நீ அழுதுவிடுவாயோ என்ற பயம் வந்திருந்தது.

நெஞ்சுவலி வந்து அரை நாளில் போய்விட்டாய். செத்தவீட்டில் ஒருவர் சொன்னார்: "நல்ல மனிசன். ஆனா வாகனமெண்டால் ஆளுக்குச் சரியான பயம்." உன் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓமோ மாமா? அப்பா பயந்தவரோ?"

நான் தலையாட்டினேன், மச்சான். ஓம் என்று தலையாட்டினேன்.

உன் கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பின்னால் நாலு மூட்டை மண் இருந்திருந்தால் நீ கடைசிவரை ஓட்டிக்கொண்டிருந்திருப்பாய். பயந்தவன் நான். என் பயத்தை உன் பெயரில் எழுதிவிட்டு, அதை உன் பிள்ளையையும் நம்பவைத்துவிட்டு இருக்கிறேன். அவளுக்கு ஒன்பது வயது.

அவர்கள் இருப்பது எனக்கு இரண்டு மாடி மேலேதான். சப்பாத்தைப் போட்டுவிட்டேன். அவள் நித்திரைக்குப் போகமுன் போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சரியான பயமாக இருக்கிறது.