டீச்சரிடம் முதலில் சொன்ன சேதி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், அதாவது உடம்பைக் கேட்டால் நலம், என் மனசை மட்டும் கேட்காதே. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். உன் தம்பி ஒழுங்காக வேலைக்குப் போகிறான். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனிலேயே கேட்கலாம்தான், ஆனால் இப்போது போனை எடுத்தால் நான் கத்திவிடுவேன் என்று அம்மா சொன்னாள், அதனால்தான் கடிதம்.

போன வாரம் உன் கணக்கு டீச்சர் நம் கண்ணாடிக் கடைக்கு வந்தார்கள். பவர் கூடிவிட்டதாம், டாக்டர் எழுதிய சீட்டோடு வந்து புதுக் கண்ணாடி கேட்டார்கள். நான் ஃபிரேம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் பெண் கம்பெனி வேலையை விட்டுவிட்டு டீச்சராகப் படிக்கப் போகிறாளே, உங்களுக்குச் சந்தோஷம்தானே என்று சாதாரணமாகக் கேட்டார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. முன்னமே தெரிந்தவன் மாதிரி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். பெற்ற அப்பன் நான், கண்ணாடி வாங்க வந்தவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பொறாமையா என்று அம்மா கேட்டாள். ஆமாம், பொறாமைதான், வயிறு எரிகிறது, போதுமா? இந்த ஊரில் அந்த டீச்சரிடமிருந்து தப்பவே முடியவில்லை. உனக்குத் தெரியாததா, யார் தப்பாக எழுதினாலும் சிவப்பு மையால் அடிக்கமாட்டார்கள், பக்கத்தில் உட்காரவைத்து, எழுதினதை நீயே சத்தமாக வாசி என்பார்கள், வாசிக்கிற பிள்ளை பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு தானே திருத்திவிடும். ஆஸ்பத்திரியில் எனக்கு மாத்திரை தருகிற நர்ஸ் அந்த டீச்சரிடம் படித்தவள், எதை எப்போது போடணும் என்று என்னையே வாசிக்கச் சொல்கிறாள். கடையில் வயரிங் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியனும் அவர்கள் கிளாஸ்தான், மெயினைப் போடும் முன் எந்த வயர் எங்கே போகிறது என்று பாடம் மாதிரி ஒப்பிக்கிறான். நீ மட்டும் என்னவாம், நான் கோபத்தில் ஏதாவது சொன்னால், அதையே இன்னொரு தடவை சொல்லுங்கப்பா என்கிறாய், சொல்லிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. முப்பது வருஷமாக நானும்தான் ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறேன், உங்களை மாதிரி ஆகணும் என்று யாராவது, நீயாவது, ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

இந்தக் கொதிப்போடு அவர்கள் கண்ணாடியைச் செய்தால் எப்படி இருக்கும்? இரண்டு நாள் கழித்துத் தலைசுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வலது கண்ணுக்கான லென்ஸை இடதில் மாட்டியிருக்கிறேன், இந்தக் கை இதுவரை செய்யாத தப்பு. நானோ வீம்புக்கு, டாக்டர் சீட்டுதான் தப்பு என்று சாதித்தேன். அவர்கள் கோபப்படவே இல்லை. சீட்டை என் கையில் கொடுத்து, கொஞ்சம் சத்தமாக வாசியுங்களேன் என்றார்கள். கடை நிறைய ஆள். வலது கண் என்று ஆரம்பித்தவன், இரண்டாவது வரிக்குப் போவதற்குள் அசடு வழிய நின்றேன். உட்காரவைத்து மாற்றிக்கொடுக்கும்போது மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன், என் பெண் என்னிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொன்னாள் என்று. தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னால் முதல் வாக்கியம் முடியும் முன்னே வேண்டாம் என்றுவிடுவார், அதனால் உங்களிடம் ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன் என்றாயாமே. கண்ணாடியைத் துடைத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டேன்.

வேலையை விடுவதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, இப்போது சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல். நடுவில் குறுக்கிடமாட்டேன், குறுக்கிட்டால் போனைப் பிடுங்கிக்கொள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உன் கண்ணாடியைத் துப்பட்டா முனையால் துடைக்காதே, கீறல் விழும். நீ எந்த வேலை பார்த்தாலும் குறையில்லாமல் நன்றாக இருக்கணும், என் ஆசியும் அம்மா ஆசியும் எப்போதும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொல்லும்போது, அந்த டீச்சரிடம் சொல்லாத ஒரு விஷயமாவது என்னிடம் சொல்லணும்.

இப்படிக்கு,
உன் அப்பா