வயிற்றுவலி என்று நான் எழுதிய சீட்டு

என் ரஞ்சிதம் அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. உன் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நம்மைப்போல் வாயை மூடிக்கொண்ட பெண்கள் யாராவது படித்தால் படிக்கட்டும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் உன்னோடு தங்கி நான் காலேஜ் முடித்த வருஷம். உன் பெரியவள் கலாவுக்கு அப்போது ஐந்து வயது. கடைக்குட்டி பிறந்து ஆறு மாதம். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு குடம் தூக்கினாலும் தும்மினாலும் உனக்குச் சிறுநீர் கசிந்தது. "சிரிப்பு காட்டாதடீ, பாவாட நனைஞ்சிபூடும்" என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

மாமாவின் ஃபாக்டரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பெயரையும் நோயையும் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கவுண்டர்க்காரர் இரண்டையும் உரக்கப் படித்துத்தான் உள்ளே அனுப்புவார். பெஞ்சில் இருந்ததெல்லாம் நம் குவார்ட்டர்ஸ் லைன் பெண்கள். அந்தக் கவுண்டர்க்காரரின் மனைவிதான் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளத எழுதுடீ. பத்து பேர் கேட்டா இன்னா? நான் இன்னா திருடிகினா வந்தேன்?" என்றாய்.

"சும்மா இருக்கா, மானம் போயிடும்" என்றேன். யாருடைய மானம்? நீ சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தாய். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய உன்னிடமிருந்து சீட்டை வாங்கி, வயிற்றுவலி என்று இங்கிலீஷில் எழுதினேன். டாக்டரிடம் உள்ளதைச் சொல்ல நீ வாயெடுத்தபோது, கம்பவுண்டர் நிற்கிறாரே என்று உன் முழங்கையைக் கிள்ளினேன்.

வெள்ளை மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்கள். "மேல ஊத்துனா கீழ அடைக்குமாடீ இது?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

என் கல்யாணத்தில் நீ மேடைக்கு வரவில்லை. குளியலறைப் பக்கம் சுவரோரமாகவே நின்றாய். பிறகு வெளியூர் போவது நின்றது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாய். கலாவின் பள்ளிக்கூட விழாக்களுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. உன் உயிரைக் கொண்டுபோனது மஞ்சள் காமாலைதான். ஆனால் அதற்கு முன் பதினைந்து வருஷம் நீ வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாயே, அது எந்த நோய்?

போன வருஷம் எனக்கும் அதே தொல்லை வந்தது. மாதக்கணக்கில் மறைத்துவிட்டு, டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. "இது ரொம்ப பேருக்கு இருக்கும்மா. யாரும் சொல்றதில்ல" என்றார். கீழே உள்ள தசைகளை இறுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீரைக் குறைக்காதே, டீயைக் குறை என்றார்.

நான்கு மாதம் செய்தேன். பாதிதான் குறைந்தது. அழுதேன். "பயிற்சிக்கு மசியலன்னா அதோட முடிஞ்சிதா?" என்றார் டாக்டர். உள்ளே வைத்துக்கொள்ளும் ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறதாம். அடக்க முடியாத அவசரமாக வருகிறவர்களுக்கு மாத்திரையும், நேரம் வைத்துப் போய்ப் பழகுவதும் உண்டாம். எதற்கும் அடங்காவிட்டால், சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தூக்கித் தைக்கிற ஆபரேஷன். எனக்கு இப்போது வளையம் வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறேன், அக்கா.

அத்தனையும் உன் காலத்தில் இருந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். பயிற்சியும் வளையமும் எப்போதோ வந்துவிட்டதாம். அந்தப் பதிலோடு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

போன மாதம் நூம்பலில் இருக்கும் கலா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது குழந்தைக்கு நான்கு மாதம். குழந்தையைத் தூக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புடவையைப் பார்த்துக்கொண்டாள். எனக்குப் புரிந்தது. டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"இதப் போயி யாராண்ட சொல்றது சித்தி? ஊட்டோட கீறேன், உடு" என்றாள். பிறகு, "எங்கம்மாவும் அப்டித்தான் இருந்துச்சி. எங்கூட எங்கியும் வந்ததே இல்ல. என்னப் புடிக்காது அதுக்கு" என்றாள்.

இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அக்கா. அதைக் கேட்டும் நான் இரண்டு நிமிஷம் சும்மா இருந்தேன். அந்த இரண்டு நிமிஷத்துக்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, கிள்ளியது, உன் சிரிப்பு.

அவள் அழவில்லை. "படிச்சவதானே நீ?" என்றாள். "எங்கம்மாவ நீதான் ஊட்ல வச்சி பூட்டுன. எந்திரிச்சிப் போ சித்தி" என்றாள். வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

வருகிற வியாழக்கிழமை அவளுக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். காலையில் கரையான்சாவடி பஸ் ஸ்டாப்பில் நிற்பேன் என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன். பதில் இல்லை. அவள் வராவிட்டால் நூம்பலுக்கே போவேன். என்ன வைதாலும் கேட்டுக்கொள்வேன். என்னை மன்னிக்க வேண்டாம், புடவை மாற்றிக்கொண்டு புறப்படு என்பேன். அந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரமும் போவேன். உன் மகளை வீட்டோடு கிடக்க விடமாட்டேன். இது சத்தியம், அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
சுமதி