வடக்கு வாசலின் வெளிச்சம்

1974 ஜூன் 9

கோயிலை அளந்து முடித்தேன். தேவாலயத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாறும் கட்டடக்கலையும் எழுதித் தரும்படி பங்குச் சாமியார் கேட்டிருக்கிறார். எம்.ஏ. முடித்துச் சும்மா இருப்பவனுக்கு ஒரு வேலை.

முகப்பு பொய். மூன்றடுக்கு, சுதையில் சங்கும் சிப்பியும். பின்னால் இருப்பது நீண்ட ஓட்டுக் கட்டடம்தான். பீடத்தில் சிறகு விரித்து நிற்கும் சம்மனசுகளுக்கு ஒவ்வொரு திருவிழாவுக்கும் புது வர்ணம் பூசி, கன்னங்கள் வீங்கிவிட்டன. அசல் என்று சொல்ல ஒன்றே ஒன்று: வடக்குச் சுவரில் இருக்கும் தாழ்ந்த வாசல். பவளக்கல், சுண்ணாம்பு, ஓர் அலங்காரமும் இல்லை. இந்த மாதத்தில் சாயங்கால வெயில் அதன் வழியே சாய்ந்து உள்ளே வருகிறது. படம் எடுத்தேன்.

ஜூன் 15

எழுதியது: "இதில் நுழைபவன் தலை தாழ்த்தியே நுழைய வேண்டும். கட்டியவனுக்குப் பணிவு என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது."

நல்ல வாக்கியம்.

ஜூன் 16

அற்புதமணி ஏரலிலிருந்து வந்திருந்தான். அங்கே வாத்தியார். பாளையங்கோட்டையில் என்னோடு படித்தவன். வீடு உப்பளத் தெருவில். கட்டுரையை வாசிக்கக் கொடுத்தேன். நிதானமாக வாசித்தான்.

"நல்லாத்தாம்லே எழுதியிருக்க. நீ எத்தன தடவ அதுல குனிஞ்சு போயிருக்க?"

தாளைத் திருப்பி என் கையில் கொடுத்தான்.

"எங்க அம்மைக்கு அறுவது வயசு. முன்வாசல்ல அவ கால் பட்டதில்ல. பணிவாம்."

முன்வாசல் எங்கள் தெருவுக்கு. வடக்கு வாசல் உப்பளத் தெருவுக்கு, உள்ளே வடக்கு ஓரமாகத் தரையில் உட்காரவும் அவர்களுக்குத் தனி இடம். தெரியாதா எனக்கு? நடக்கத் தொடங்கியதிலிருந்து பார்க்கிறேன். எழுதும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை. எப்படி வராமல் போகும்?

ஜூன் 17

அந்த வாக்கியம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதுதான் கேவலம்.

ஜூலை 2

அவன் அம்மா தேவகனி படுத்த படுக்கை. நெஞ்சில் சளி, கால்களில் உப்புப் புண். பார்க்கப் போனேன். என்னை அடையாளம் கண்டு, "ரோச் மொதலாளி மவனா? இருக்கச் சொல்லு" என்றாள். அற்புதமணி என்னை வெளியே கூட்டி வந்தான்.

"அம்மைக்கு ஒரே ஆச. செத்தா அவ பெட்டி முன்வாசல் வழியாப் போகணும். உங்க அப்பா சரின்னா சாமியாரும் சரிம்பாரு. நீ பேசு. அன்னைக்கு முன்னால ஒரு கை நீ பிடி. போதும்."

சரி என்றேன்.

ஜூலை 4

சாப்பிடும்போது அப்பாவிடம் பேச நினைத்தேன். கச்சான் காற்று ஓயவில்லை, வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன, எரிச்சலில் இருந்தார். நாளைக்கு.

ஜூலை 7

நாளைக்கு.

ஜூலை 11

நேற்று காலை தேவகனி இறந்துபோனாள். இன்று அடக்கம்.

நான் சொல்லாமலே அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. பெட்டி முன்வாசலுக்கு வந்தபோது கோயில் கமிட்டி படியில் நின்றது. தலைவர் என்பதால் அப்பா நடுவில். பெட்டியின் முன்பக்கம் வலது கை என்னுடையது. கனமே இல்லை.

அப்பா சத்தம் போடவில்லை. "மணி, நீ படிச்ச பிள்ளைல்லா. சாவு அன்னைக்கு எதுக்குப்பா சண்ட? பழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா."

அப்பாவின் பின்னாலிருந்து வில்பிரட் மாமா: "இன்னைக்குப் பெட்டி வரும். நாளைக்கு நம்ம பக்கத்துல வந்து உக்காருவான்."

சாமியார் வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றார்.

பிறகு அப்பா என்னைப் பார்த்தார். "ஏலே வளன், இங்கன வா. சாமிக்குக் குடை பிடி."

போனேன்.

இதை எப்படி எழுத? போனேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நான் விட்ட இடத்தை யாரோ ஒருவர் ஓடிவந்து பிடித்தார். நான் குடையை விரித்தேன்.

பெட்டியை வடக்கு வாசலுக்குத் திருப்பினார்கள். அதன் அகலம் இரண்டரை அடி. நான் அளந்தது. பெட்டியோடு பக்கத்தில் ஆள் நுழைய முடியாது. தோளிலிருந்து இறக்கி, கைக்குக் கை மாற்றினார்கள். உள்ளே நுழைந்ததும் தூண். சாய்க்காமல் திருப்ப முடியாது. சாய்த்தபோது உள்ளே அவள் ஒருபக்கமாய்ச் சரிந்த சத்தம் கேட்டது. தூணையும் அளந்திருக்கிறேன். இது தோன்றவில்லை.

அற்புதமணி என்னைப் பார்க்கவில்லை. பார்த்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 12

ராத்திரி அப்பா மீனைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். தின்றேன்.

ஜூலை 21

பூசைக்கு உப்பளத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. போன வாரமும் இல்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். தங்கை பிளாரன்ஸ் வாசலிலேயே நின்றாள். "அண்ணன் ஏரலுக்குப் போயிட்டாவ." அவன் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "வந்தா சொல்லு" என்று திரும்பினேன்.

ஆகஸ்ட் 3

நூற்றாண்டு விழாவுக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார். வடக்கு வாசலை அடைத்துவிடக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. அப்பாவுக்குத் திருப்தி. "இனி எல்லாருக்கும் ஒரே வாசல். எவனும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா."

பழைய பத்தியைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். வாசல் யாருக்காக, ஏன் தாழ்வு, ஜூலை பதினொன்றில் என்ன நடந்தது, நான் எங்கே நின்றேன். சாமியார் நின்றபடியே வாசித்தார். அவர் முகம் சிவந்தது.

"இதெல்லாம் மலர்ல போடுற விஷயமா தம்பி?" என்று நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18

வாசல் இருந்த இடம் தெரியவில்லை. செங்கல் அடுக்கி, பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. முன்வாசல் அகலத் திறந்திருக்கிறது. உப்பளத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. உப்பளத்தின் ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அற்புதமணி அங்கே செபம் சொல்லித் தருகிறானாம். நடந்தால் கால்மணி நேரம்.

நான் கோயிலுக்குத்தான் போனேன். வடக்கு ஓரம் முழுக்கக் காலி. அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தேன். பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். பிரசங்கம் முடிந்தது, நாக்கில் அப்பம் வைத்து நன்மை கொடுத்தார்கள். யாரும் என்னை எழுப்பவில்லை. ரோச் மகன் எங்கே உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள்.

வெளியே வில்பிரட் மாமா தோளில் கை போட்டார். "என்ன மாப்ள, அங்கன காத்து நல்லா வருதோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடினேன்.